சந்தனம் பூசிய ரிமோட்

என் கல்யாணத்துக்கு முந்தைய நாள், டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துத் தாய்மாமா தன் புதுக் காருக்குப் பூசை போட்டார். மறுநாள் மணப்பெண் என்னை ஏற்றிக்கொண்டு கடல்பாலம் தாண்டி, மாப்பிள்ளை ஊர் நிபோங் திபாலில் இருக்கும் கோயிலுக்குப் போகப்போகிற கார் அது. தொண்ணூறுகளின் தொடக்கம். பொத்தானை அமுக்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கார் எங்கள் சொந்தத்தில் அதுதான் முதல். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்திவைத்து அமுக்கிக் காட்டினார்.

“கள்ளன் கைய வச்சான்னா ஊரையே எழுப்பிரும் லா, இந்தக் காடி!”

நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். சாவியையும் ரிமோட்டையும் பூசைத் தட்டில் வைத்தார். ரிமோட்டுக்குச் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் இட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தெளித்தார் என்பது மரியாதைக்கு, உண்மையில் குளிப்பாட்டினார். இரவு முழுக்க அது சாமி முன்னால் ஈரத்தட்டிலேயே கிடந்தது.

எங்கள் வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆறு வருடம் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, விரலகல மின்சுற்றுப் பலகைகளில் ஈயப்புள்ளி வைத்தவள் நான். அந்தப் பலகைகள் எதற்குள் போகின்றன என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டில் வேலையை விடச் சொன்னபோது மறுபேச்சுப் பேசாமல் ராஜினாமாக் கடிதம் தட்டச்சு செய்து கைப்பையில் வைத்துக்கொண்டேன். விட்டால் போதும் என்றுதான் இருந்தது.

காலையில் சொந்தபந்தமெல்லாம் ஏழு மணிக்கே பஸ்ஸில் கிளம்பிவிட்டது. மிச்சம் நான், அம்மா, மாமா. பத்து மணிக்கு முகூர்த்தம். மாமா ரிமோட்டை அமுக்கினார். ஒன்றுமில்லை. கிட்டப் போய் அமுக்கினார். வேட்டியில் துடைத்து அமுக்கினார். கடைசியில் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். உடனே அலாரம் அலற ஆரம்பித்தது. இன்ஜின் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயில் பல் துலக்கும் நுரையோடு வெளியே வந்து நின்றார்கள். ஊரை எழுப்பும் என்று மாமா சொன்னது பொய்யில்லை. சத்தம் தாங்காமல் அவர் முன்மூடியைத் திறந்து கார் பேட்டரியின் வயரைப் பிடுங்கிவிட்டார்.

அம்மா டாக்சிக்கு நான்கு தடவை போன் அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, போதாததற்கு முகூர்த்த நாள். யாரும் வருவதாக இல்லை. “தெய்வக் குத்தமா இருக்குமோ,” என்று அம்மா அழத் தொடங்கினாள். மணி எட்டு இருபது. தாலி கட்டுகிற நேரத்துக்கும் நான் இங்கேயேதான் நிற்கப்போகிறேன்.

“ரிமோட்ட இப்படிக் குடுங்க மாமா.”

“கூறச்சேல கட்டிருக்கம்மா, அழுக்காயிரும்.”

“குடுங்க லா!”

அவரிடம் நான் கத்தியது அன்றுதான் முதல் தடவை. சின்னச் சின்னச் சாமான் உருண்டுவிடாமல் இருக்க ஒரு தாள் வேண்டும். கைப்பையில் இருந்த தாள் அந்த ராஜினாமாக் கடிதம் ஒன்றுதான். அதை முன்மூடியின் மேல் விரித்து, கொண்டை ஊசியால் ரிமோட்டைப் பிளந்தேன்.

உள்ளே பச்சைப் பலகை. நான் ஆறு வருடமாகப் பார்த்த அதே பலகை மாதிரி. சந்தனம் இறுகி அப்பியிருந்தது, பேட்டரி முனையில் பச்சைத் துரு. முகம் துடைக்க வைத்திருந்த கொலோனைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். சந்தனம் விலக விலக ஈயப்புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசிப் புள்ளி கொஞ்சம் சாய்ந்திருந்தது. ஷிப்டு முடிகிற நேரத்தில் எனக்கும் அப்படித்தான் சாயும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் வைத்ததோ, என்னைப் போல் குனிந்திருந்த வேறு ஒருத்தி வைத்ததோ தெரியாது. இந்தப் புள்ளிகளா இவ்வளவு பெரிய காரைத் திறக்கின்றன, ஒரு தெருவையே எழுப்புகின்றன? ஆறு வருடம் எதைத் தொட்டுக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மொய் எழுத அம்மா வைத்திருந்த பென்சிலின் அழிப்பானால் துருவைத் தேய்த்து, மூடி, அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா கார் பேட்டரியின் வயரை மாட்டிவிட்டார். மறுபடி அமுக்கினேன். கார் அசையவில்லை. வயரைப் பிடுங்கியதில் அது ரிமோட்டை மறந்துபோயிருந்தது. அலாரம் பொருத்தியவர் கொடுத்த தாள் டாஷ்போர்டு பெட்டியில் கிடந்தது. மாமா வாசித்தார்: சாவியைத் திருப்பவும், ஸ்டீரிங்குக்கு அடியில் இருக்கும் சிறு பொத்தானைச் சத்தம் வரும்வரை அழுத்தவும், பிறகு ரிமோட்டை அமுக்கவும். பட்டுப்புடவையோடு, தலை நிறையப் பூவோடு, ஸ்டீரிங்குக்கு அடியில் தலையை விட்டுத் துழாவினேன். ‘கீச்’ என்றது. ரிமோட்டை அமுக்கினேன்.

விளக்குகள் இரண்டு முறை கண்ணடித்தன. நான் வாய்விட்டு அழுதேன். சந்தோஷம் மட்டுமில்லை, கோயிலில் திரை விலகும்போது வருமே, அந்த அழுகை.

“புள்ள கைய வச்சதும் காடிக்கு ஞாபகம் வந்துருச்சு பாரு,” என்றார் மாமா. அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்தோம்.

சாயங்காலம் நானும் கணவரும் மறுவீட்டுக்கு அதே காரில் திரும்பினோம். ரிமோட் பிளாஸ்டிக் பையில் சுற்றப்பட்டு மாமாவின் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. என் மடியில் இருந்த பையிலிருந்து அந்தக் கடிதம் எட்டிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த கணவர் எடுத்து விரித்தார். எழுத்தெல்லாம் மஞ்சளும் துருவுமாகக் கிடந்தது.

“அடடா, வேற ஒண்ணு டைப் பண்ணணுமே.”

“வேணாங்க. நான் வேலைக்குப் போறேன். ஃபேக்டரி பஸ்ஸு நிபோங் திபாலுக்கும் வருது.”

“அவ்ளோ புடிச்ச வேலையா?”

“இன்னிக்குக் காலைலதாங்க புடிச்சுது.”

அவர் என் கையைப் பார்த்தார். மருதாணிக்கு நடுவில், நகக்கண்ணில் இன்னும் பச்சைத் துரு ஒட்டியிருந்தது. கார் பாலத்தின் பாதியைத் தாண்டும்போது கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“எங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்,” என்றார்.