மங்கம்மாவுக்குக் கிடைத்த இங்கிலீஷ் பட்டம்

தொரப்பள்ளி மங்கம்மாவுக்கு நாற்பது வயதில் ஓர் இங்கிலீஷ் பட்டம் கிடைத்தது. கொடுத்தவர் ஜப்பான்காரர்.

ஓசூர் சிப்காட்டில், பைக்குக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. 2006ஆம் வருஷம், கம்பெனியைப் பார்வையிட ஜப்பானிலிருந்து ஆட்கள் வரப்போகிறார்கள் என்றதும், காலையில் எல்லோரும் உடற்பயிற்சி செய்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. வந்தவர்கள் முன்னால் குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னபோது, பாதிப் பேரின் கை முழங்காலோடு நின்றுவிட்டது. கேப்பைக் காட்டில் களையெடுத்து வளர்ந்த மங்கம்மாவோ, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளங்கை இரண்டையும் தரையில் பதித்தாள். ஜப்பானிலிருந்து வந்தவர்களில் பெரியவர் கைதட்டி, “வெரி ஃப்ளெக்சிபிள்!” என்றார்.

“என்னா சொல்றாருங்க?” என்று சூப்பர்வைசர் மூர்த்தியிடம் கேட்டாள். அவர் மதுரைப் பக்கம்.

“ஒடம்பு ரப்பர் மாதிரி வளையுதாம்க்கா. நல்ல வார்த்தைதான்.”

ஊர் வந்து சேருவதற்குள் கம்பெனி பஸ் முழுக்க அந்த வார்த்தையைச் சொல்லி முடித்தாள். புருஷன் கோவிந்தப்பன் மட்டும், “திட்டு இல்லியே?” என்று கேட்டான்.

அடுத்த வாரமே மூர்த்தி வந்தார். “யக்கா, நைட் ஷிப்டுக்கு ஆளில்ல. நீங்கதான் ஃப்ளெக்சிபிளாச்சே!”

இடுப்புக்கும் ராத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் பட்டம் வாங்கிவிட்டு மறுப்பது மரியாதையில்லை என்று போனாள். பிறகு மோல்டிங்கில் ஆள் குறைந்தாலும், ஸ்டோரில் குறைந்தாலும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமையும் அவள்தான். ஒருநாள் கேண்டீனில் தட்டுக் கழுவவும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டில் களி கிண்டிக்கொண்டே தூங்கினாள்.

ஒன்பதாவது படிக்கும் மகள் சுசித்ராவுக்குத்தான் சிரிப்பு வந்தது. “அதுக்கு ரெண்டு அர்த்தம்மா. ஒடம்பு வளையறதும் அதுதான், சொன்னதுக்கெல்லாம் தலையாட்றதும் அதுதான்.”

“ஜப்பான்காரரு எதச் சொன்னாரு?”

“இடுப்பப் பாத்துச் சொன்னாரு. உங்க மூர்த்தி சார்தான் உன்னப் பாத்துச் சொல்றாரு.”

மறுநாள் உடற்பயிற்சியில் மங்கம்மாவின் கை முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை.

“என்னாச்சுக்கா?” மூர்த்தி பதறினார். ஜப்பான்காரர்கள் மறுபடி வரும் நேரம். அந்தப் பெரியவர் அவளைத்தான் கேட்பார்.

“அந்த ஃப்ளெக்சிபிள் போயிடுச்சிங்க சார். நைட்டுல முழிச்சி முழிச்சி இடுப்பு வெறச்சிப்போச்சி. பகல் வேலையா இருந்தா சரியாவும்னு தோணுதுங்க.”

அன்றே ஜெனரல் ஷிப்டு. விருந்தாளிகள் வந்த அன்று உள்ளங்கை தரையைத் தொட்டது, கைதட்டலும் கிடைத்தது. அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் மூர்த்தி, “அப்ப நைட்டு…” என்று ஆரம்பித்தார். மங்கம்மா இடுப்பில் கையை வைத்து முகத்தைச் சுளித்தாள். அவர் திரும்பிப் போய்விட்டார்.

அதன்பிறகு அவளுக்கு நைட் ஷிப்டே இல்லை. ஆனால் கம்பெனிக்குள் குனியவும் வழியில்லை. அட்டைப்பெட்டி கீழே விழுந்தால் கம்பம் போல நின்றுகொண்டு, பக்கத்து மேசை ஜெயமணியைக் கூப்பிடுவாள். திண்டுக்கல்லிலிருந்து புதிதாக வந்த பெண் அது, முகம் கோணாமல் எடுத்துக் கொடுக்கும். அந்தக் குற்ற உணர்ச்சியில் மங்கம்மா தினமும் அவளுக்கு ஒரு டப்பா அவரைக்கொட்டைக் குழம்பு கொண்டுபோக ஆரம்பித்தாள்.