தேர் இழுத்த கார்

கிளட்ச் கருகும் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறிவிட்டால் பிறகு மறக்காது. எனக்கு அது எட்டு வயதில் ஏறியது. அன்று அதோடு சாம்பிராணிப் புகையும் உடைத்த தேங்காயின் வாசனையும் கலந்திருந்தன. அந்த மூன்றும் சேர்ந்து எங்கேயாவது வந்தால் இப்போதும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வரும். இத்தனைக்கும் அம்மா அன்று அந்த இடத்திலேயே இல்லை. இல்லாததால்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலாங்கொடையிலிருந்து வரும் பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் மேலே, இன்னும் இரண்டு மைல் ஏறினால் எங்கள் தோட்டம். அப்பா தேயிலை ஃபேக்டரியில் லொறி ஓட்டினார். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போய் இரண்டு வருடம் முடியப் போகிற நேரம் அது. தம்பிக்கு ஐந்து வயது. அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த போட்டோவைப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். நான் பார்க்க மாட்டேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்வேன். உண்மையில் எனக்கு ஞாபகம் இருந்தது அம்மாவின் கை மட்டும்தான்.

அம்மா போன அன்று ஏஜென்சிக்காரனின் வேன் வந்தது. ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் அதில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா பின்னால் பைகளுக்கு நடுவில் எங்கேயோ போய் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே கை மட்டும் நீண்டு ஆடியது. வேன் வளைவில் மறைந்த பிறகு அப்பா சொன்னார்.

"வரும்போது ஒங்கம்மா முன்சீட்டுல ஒக்காந்து வருவா."

அடுத்த வருடமே ஒரு பழைய சின்னக் கார் வாங்கினார். வெள்ளை நிறம். கதவைச் சாத்தினால் பிஸ்கட் டின்னை மூடுகிற சத்தம் கேட்கும். அதை அவர் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்து எங்கள் லயத்து வரிசை வீடுகள் அத்தனையும் சிரித்தன. ஞாயிற்றுக்கிழமை பீலிக்கரையில் எங்களைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் அதைக் குளிப்பாட்டுவார். செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒருதடவை மாமா ஒரு மூட்டை அரிசியை ஏற்றிவரக் கேட்டதற்கு, பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும் என்று சொல்லி அப்பா அந்த மூட்டையைத் தோளிலேயே தூக்கிக்கொண்டு வந்தார். முன்சீட்டில் ஒரு புதுத் துவாய் விரித்திருக்கும். அதில் யாரும் உட்காரக் கூடாது. நாங்கள் இரண்டு பேரும் பின்சீட்டுத்தான்.

பின்சீட்டில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. கார் நின்றதும் இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே குனிந்து ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும். "வண்டி நின்னா மொதல்ல ஹேண்ட் பிரேக்கு, அப்பறந்தான் மூச்சு" என்பார் அப்பா. லொறியிலும் அவர் அப்படித்தான். தட்டையான நிலத்தில் நிறுத்தினாலும் இழுக்க வேண்டும். அந்தக் கர்ர்க் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். தம்பி எத்தனை அழுதாலும் அந்த வேலையை அவனுக்கு விட்டுக்கொடுத்ததில்லை.

பங்குனியில் எங்கள் மாரியம்மன் திருவிழா. அது முடிந்து பத்தாம் நாள் அம்மா வருவதாக ஏற்பாடு. அம்மா வெள்ளிக்கிழமைகளில் போன் பேசுவாள். முதலில் தம்பி, அப்புறம் நான், கடைசியில் அப்பா. திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மட்டும் அப்பா போனை எடுத்துக்கொண்டு தேயிலை மலைக்குள் இறங்கிப் போய்விட்டார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். "டவர் இல்ல, கட்டாயிருச்சு" என்றார். நான் டவரைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியாது.

தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன்; கோயில் கமிட்டித் தலைவர். எங்கள் தேருக்கு இரும்புச் சட்டமும் பழைய லொறி டயர்களும். முந்தி ஒரு காலத்தில் ஆட்கள் மட்டும் வடம் பிடித்து இழுத்தபோது, தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு ஏற்றத்தில் தேர் பின்னால் உருண்டு ஒருவரின் காலை நசுக்கிவிட்டதாம். அதிலிருந்து முன்னால் தோட்டத்து டிராக்டர் இழுக்கும், ஆட்கள் பெயருக்கு வடத்தைத் தொட்டுக்கொண்டு நடப்பார்கள். ஏற்றத்தில் ஏறிய சாமி ஓரடிகூடப் பின்னால் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. இந்த முறை டிராக்டரின் கியர் பெட்டியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

மாமா ஒரு பெரிய பிரசங்கத்தைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார் என்பது அவர் தொண்டையைச் செருமியதிலேயே தெரிந்தது.

"மாப்ள, ஒங்களுக்கே தெரியும், சாமி காரியம். காரு சின்னதுதான், நா இல்லேங்கல. ஆனா நம்ம ஆளுங்களும் வடம் புடிப்பாங்க..."

"சரி மச்சான்."

"இல்ல மாப்ள, முழுசா கேளுங்க."

"கேட்டாச்சு. எத்தன மணிக்குக் கொண்டாரணும்?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு மூட்டை அரிசிக்கு இடம் கொடுக்காத மனிதர் ஒரு தேரைக் கட்டி இழுக்கச் சம்மதித்தார். மாமா செலவழிக்காத பிரசங்கத்தோடு திரும்பிப் போனார்.

மறுநாள் பகல் சாப்பாடு முடிந்ததும் காரைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். தேருக்குச் செய்கிற மரியாதையெல்லாம் அதற்கும் நடந்தது. நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். முன்கண்ணாடியில் வேப்பிலை. பூசாரி சந்தனத்தைக் குழைத்து என்ஜின் மூடியில் பட்டை பட்டையாகப் பூசினார். ஒரு ஈ உட்கார்ந்தாலும் துடைக்கிற அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கொக்கியில் சங்கிலியை மாட்டித் தேரோடு பிணைத்தார்கள். வாழை மரமும் குரோட்டன் இலையும் கட்டி, லைட்டுக்கு ஜெனரேட்டரும் ஏற்றிய அந்தத் தேருக்கு முன்னால் எங்கள் கார், தலையில் பெரிய விறகுக்கட்டைச் சுமந்த ஆளுக்கு முன்னால் ஓடுகிற கோழிக்குஞ்சு போல இருந்தது. லயத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை. சாமியையே எங்கள் கார் இழுக்கிறது. பத்து நாளில் அதே கார் அம்மாவைக் கொண்டுவரப் போகிறது.

மேற்கணக்கில் ஆறு லயம், ஆறும் ஏற்றத்தில். ஒவ்வொரு லயத்து முன்னாலும் தேர் நிற்க வேண்டும். ஒவ்வொரு காம்பரா வீட்டிலிருந்தும் அர்ச்சனைத் தட்டு வரும். தேங்காய் உடைத்து, தீபாராதனை காட்டி, திருநீறு கொடுத்து முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். நின்றதும் பையன்கள் தேரின் பின் டயர்களுக்கு மரக்கட்டை வைப்பார்கள். அதனால் தேர் எங்கேயும் போகாது. அப்பாவும் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, என்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம்.

முதல் லயத்தில் கார் நின்றதும் நான் என் உத்தியோகத்துக்குக் கையை நீட்டினேன். அப்பா என் கையைப் பிடித்து மெதுவாக அப்பால் எடுத்து வைத்தார்.

"வேணாம் பாப்பா. விடு."

என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. கார் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்ற இடத்திலேயே நடுங்கியது. அப்பாவின் இரண்டு கால்களும் பெடல்களின் மேல் விறைத்திருந்தன. இரண்டாம் லயத்திலும் கையை நீட்டினேன். அங்கேயும் எடுத்து வைத்தார். சாமி காரியத்தில் பிரேக் போடக் கூடாது போலிருக்கிறது என்று நானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துத் தம்பிக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்றாம் லயத்தில் நாற்றம் வந்தது. நான்காவதில் காருக்குள்ளேயே புகை. தம்பி இருமினான். மாமா ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"மாப்ள, என்னமோ கருகுதே?"

"ஒண்ணுமில்ல மச்சான். போகலாம்."

ஐந்தாம் லயத்து முன்னால் என்ஜின் வீரிட்டுக் கத்தியது, கார் மட்டும் அசையவில்லை. அப்பா எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தார். அப்புறம் சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இருந்தார். சாமி பின்னால் போக முடியாது, கார் முன்னால் போக முடியாது. கடைசியில் கொழும்புக் கடைகளில் வேலை செய்து லீவில் வந்திருந்த பையன்கள் ஒரு பக்கம், கொழுந்து பறிக்கிற பெண்கள் ஒரு பக்கமாக வடத்தைப் பிடித்துத் தேரை இழுத்தார்கள். எங்கள் காரை வேறு பத்துப் பேர் தள்ளினார்கள். எங்களை உள்ளே வைத்தே தள்ளினார்கள். அரோகரா சத்தத்துக்கு நடுவே, காருக்கும் சேர்த்து ஒருத்தர் அரோகரா போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

அடுத்த நாள் பலாங்கொடையிலிருந்து மெக்கானிக் பாஸ் வந்தார். காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, இன்றைக்குப் பழகுகிறவன்கூட ஒரு கிளட்ச்சை இப்படி எரிக்க மாட்டானே, நீங்கள் இருபது வருடம் லொறி ஓட்டியவராச்சே மாத்தயா என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா தலையைச் சொறிந்தார்.

அன்று மத்தியானம் எங்களை உட்கார வைத்து அப்பா விஷயத்தைச் சொன்னார். கார் கெட்டுப்போனதால் அம்மாவை ஏற்றிவர முடியாது. அதனால் அம்மாவை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். இன்னும் கொஞ்ச நாள் கழித்து வருவாளாம். தம்பி, சரி என்று விளையாடப் போய்விட்டான். நான் போகவில்லை. ஆனால் நம்பினேன். அம்மா காரில்தான் வருவாள் என்று ஒரு வருடமாகக் கேட்டு வளர்ந்த எனக்கு, கார் இல்லையென்றால் அம்மா இல்லை என்பது ஒன்றும் ஒன்றும் இரண்டு மாதிரித் தெளிவாக இருந்தது. கொழும்புக்குத் தினமும் பஸ் போகிறதே, ஒரு வேன் பிடிக்கலாமே என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவர்தானே காரைக் கேட்டவர். அவர் மாலை வேளைகளில் டொபி கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போவார். அதைத் தம்பி தின்றான். அம்மா வர இன்னும் இரண்டு வருடம் ஆனது. காரை அதற்குள் விற்றாகிவிட்டது. வாடகை வேனின் முன்சீட்டிலிருந்து இறங்கிய அம்மாவைப் பார்த்து, தம்பி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். எனக்கும் ஒளிய இடம் இருந்திருந்தால் ஒளிந்திருப்பேன். நான்கு வருடமாக ஏங்கிய முகத்தை நேரில் பார்க்க அவ்வளவு கூச்சமாக இருந்தது.

போன வருடம் வேலைக்காகக் கொழும்பில் கார் ஓட்டப் பழகினேன். ஒரு பாலத்து ஏற்றத்தில் சிவப்பு லைட் விழுந்தது. நான் கிளட்ச்சைப் பாதி பிடித்து, ஆக்சிலரேட்டரை மிதித்து, காரை அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பழக்குநர் மூக்கைச் சுளித்தார்.

"மிஸ், பிளேட் எரியுது. ஹேண்ட் பிரேக்க இழுங்க."

லீவரைத் தொட்டேன். இழுக்க முடியவில்லை. என் கையை யாரோ மெதுவாகப் பிடித்து அப்பால் எடுத்து வைத்தது போலிருந்தது. பச்சை விழுந்து பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். கார் கெட்டுப்போச்சு என்று அப்பா சொன்ன பிறகா நீங்கள் அங்கேயே நின்றீர்கள்? அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"காரா? எனக்கு அதெல்லாம் அப்பறந்தான் தெரியும். மேடம் கொழந்த பெத்திருந்தா, பாஸ்போர்ட்ட குடுக்கல. இன்னும் ரெண்டு வருஷம்னுட்டா. திருநாளுக்கு முந்துன வெள்ளிக்கெழமயே ஒங்கப்பாகிட்ட அழுதேனே. புள்ளைங்ககிட்ட நா எப்படிச் சொல்றதுன்னு கேட்டேன். நா பாத்துக்கறேன்னாரு."

அப்பா இறந்து மூன்று வருடமாகிறது. கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்டிருந்தாலும் தலையைச் சொறிந்திருப்பார்.

அந்த மெக்கானிக் வந்துபோன நாள் சாயங்காலம், செத்துக் கிடந்த காருக்குள் அப்பா உட்கார்ந்து ஈரத் துணியால் புகைக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்சீட்டுத் துவாயை மடித்து மடியில் வைத்திருந்தார். நான் கதவோரம் போய் நின்றேன்.

"கோவமா இருக்கியா பாப்பா?"

"ஆமா."

"யாரு மேல?"

கொஞ்சம் யோசித்தேன். மாமா மேல், சாமி மேல், டிராக்டர் மேல், எல்லோர் மேலும் இருந்தது. எல்லாவற்றிலும் அதிகமாக எதன் மேல் என்று பார்த்துச் சொன்னேன்.

"கார் மேல."

அப்பா துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் முகம் லேசானது. கொடுத்த கணக்குக்குச் சரியான விடை சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"சரி," என்றார். "கார் மேலயே கோவமா இரு. அதுக்கு ஒண்ணும் ஆவாது."