மூடி எது, அடி எது? மாமன் பெட்டியும் மாட்டிக்கொண்ட புடவையும்

மக்களே, இன்று காலை ஒரு மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் முழித்தேன்.

பெட்டியைச் செய்தவன் நான். அதில் எது மேல் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை!

நாளை என் தங்கச்சி மகள் கவிதாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான். மாமன் சீராக ஒரு பட்டுப்புடவை, அதை வைத்துக் கொடுக்க ஒரு பெட்டி.

மற்ற மாமன்கள் தேக்கா மார்க்கெட்டில் ஒரு தட்டு வாங்கி, பளபளக் காகிதம் சுற்றிக் கொடுப்பார்கள். நான் என்ன சாதாரண மாமனா?

"ஓர் ஆணிகூட இல்லாமல் என் கையாலேயே பெட்டி செய்வேன்!" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிரகடனம் செய்துவிட்டேன். (கட்டைவிரல்கள் குவிந்தன. முதல் கட்டைவிரல் என்னுடையது.)

மூலைகளுக்கு டவ்டெய்ல். புறா வாலை விரித்தது போலப் பலகை நுனியை வெட்டி, அடுத்த பலகையின் பள்ளத்தில் செருகுவது. சுவா சூ காங்கில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில், மூன்று வாரம் உளியும் கையுமாகத் தவம் கிடந்தேன். பழைய அரண்மனைத் தச்சர்கள் பார்த்திருந்தால் வேலையை ராஜினாமா செய்திருப்பார்கள்!

(இடுக்குகளில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்ததை அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.)

மூடிக்கு ஒரு தந்திரம் உண்டு. வீடியோவில் பார்த்தது. ஆறு பக்கமும் ஒட்டிப் பெட்டியை முழுதாக அடைத்துவிட வேண்டும். பசை காய்ந்ததும் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிலும் ரம்பத்தால் அறுத்தால், மூடி தனியாகப் பிரிந்து வரும். மயிரிழை பிசகாமல் பொருந்துமாம்.

நேற்று வெள்ளிக்கிழமை. பசை தடவி மேல் பலகையைத் தூக்கினேன். என் மனைவி மீனா ஓடி வந்தாள்.

"ஏங்க, மூடப் போறீங்களா? வெள்ளிக்கிழம அதுவுமா வெறும் பெட்டிய மூடாதீங்க. இந்தாங்க, வச்சு மூடுங்க."

புடவை. அதன் மேல் ஒரு கொட்டைப்பாக்கு.

புடவையின் அளவுக்கே செய்த பெட்டி. அசைய இடமில்லாமல் சிக்கென்று உட்கார்ந்தது. அதற்கு மேலே, மூடிக்காக மூன்று விரல் காலி இடம்.

நான் பெண்டாட்டி சொல் தட்டாத உத்தமன். மூடினேன். ஒட்டினேன். கிளாம்ப் போட்டு இறுக்கினேன்.

காய்ந்ததும் உருட்டிப் புரட்டி ஆறு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பென்சிலால் 'மேல்' என்று எழுதி வைத்திருந்ததும் சேர்ந்து அழிந்து போனது.

இன்று காலை மீனா வந்தாள்.

"புடவைய எடுங்க. கவிதா வந்துக்கிட்டு இருக்கா. பிளவுஸோட ஒரு தடவ கட்டிப் பாக்கணுமாம்."

"எடுக்க முடியாது."

"ஏன், பூட்டுப் போட்டிருக்கீங்களா?"

"மூடியே இன்னும் செய்யல."

"அப்ப நேத்து எத மூடுனீங்க?"

நியாயமான கேள்வி. எனக்கும் அதே கேள்விதான்!

மேல் பக்கம் அறுத்தால் காலி இடம், பிழைத்தோம். தவறிக் கீழ்ப் பக்கம் அறுத்தால் ஆறு கெஜம் பட்டு அறுநூறு கைக்குட்டை. மேலும் கீழும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே முகம்!

பக்கத்து வீட்டு லிம் ஆன்ட்டி குப்பை போட வந்தவர் நின்றுவிட்டார்.

"வாவ், வெரி நைஸ் பாக்ஸ், அங்கிள்! ஹவ் டு ஓப்பன் ஆ?"

"ஸ்டில் திங்கிங், ஆன்ட்டி."

"யூ மேக் வன், யூ டோன்ட் நோ மே?" (நீ செய்தது, உனக்கே தெரியாதா என்கிறார்.)

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறந்தது. மணப்பெண்!

"மாமா, என் புடவ எங்க?"

"உள்ளதான் இருக்கு."

"ஓகே, தொறங்க."

மீனா விஷயத்தைச் சொன்னாள். கவிதா முதலில் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"சீரியஸாவா மாமா? நாளைக்குக் காலைல மணையில உக்காரணும்லா! அந்தக் கலருக்குன்னே டெய்லர் பிளவுஸ் தச்சிருக்காரு! வேற புடவைக்கு நா எங்க போவேன்?"

கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு.

சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தேன்.

"பூவா தலையா போட்டுப் பாத்துடலாமா?" என்றேன்.

"பேசாம இருங்க!" மீனா பெட்டியைப் பிடுங்கிக் காதருகில் வைத்தாள். தேக்கா மார்க்கெட்டில் தேங்காயை ஆட்டிப் பார்ப்பாளே, அதே மாதிரி ஆட்டினாள்.

சத்தமில்லை.

தலைகீழாகப் புரட்டி ஆட்டினாள்.

டொக்!

"பாக்கு பட்டு மேல விழுந்தா சத்தம் வராது. பலகையில விழுந்தாத்தான் வரும். இப்ப அடியில இருக்கு பாருங்க, இதான் மூடி."

"அடியில இருக்குறது எப்படி மூடியாகும்?"

"தலைகீழா புடிச்சிருக்கேன்ல!"

மூன்று முறை விளக்கினாள். லிம் ஆன்ட்டிக்குத் தமிழ் தெரியாது. அவருக்கே இரண்டாவது முறை புரிந்துவிட்டது.

பெட்டியைச் சரியாக நிமிர்த்தி வைத்து, மேலிருந்து இரண்டு விரல் விட்டு அறுத்தேன். ஒரு பக்கம். இரண்டு. மூன்று. கவிதா கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடிக்கொண்டேன். ("நீங்க மூடாதீங்க!" என்று மீனா கத்தினாள்.)

மூடி கழன்று வந்தது.

புடவையில் ஒரு கீறல் இல்லை! கவிதா அதை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். மாமன் சீருக்குக் கிடைத்த முதல் மரியாதை!

உள்ளே பார்த்தேன். கொட்டைப்பாக்கு மூலையில் கிடந்தது. நட்டநடுவில், சரிபாதியாக, இரண்டு துண்டாக!

ஓடுகிற பாக்கு எப்படிச் சரியாக ரம்பத்துக்கு முன்னால் போய் நின்றது? யாருக்காவது விளங்கினால் கமெண்டில் சொல்லுங்கள். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மீனா இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். என் டவ்டெய்ல் மூலைகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"மூணு வாரத்துல நீங்க ஒழுங்கா வெட்டுனது இது ஒண்ணுதாங்க."