வெறும் வாயு

போன வருடத்துக்கு முந்தின வருடம், நவம்பர் மாதம். ஹம்பேர்க்கில் மதியம் திரும்பினாலே இருட்டத் தொடங்குகிற காலம். சோறு சாப்பிட்டால் போதும், நெஞ்சுக்குழியில் கல்லை ஏற்றி வைத்ததுபோல் எனக்கு ஒரு பாரம். எங்கள் வீட்டில் நெஞ்சில் எது குத்தினாலும் அதற்குப் பெயர் வாயு. "உது வாயுதான், வேர்க்கொம்பு அவிச்சுக் குடியும்" என்று சொல்லிவிட்டுக் கணவர் ரிமோட்டைத் தேடப் போய்விடுவார். நானும் வேர்க்கொம்பு என்கிற சுக்கு, ஓமத்தண்ணீர், உள்ளி என்று குடித்து வீட்டையே மருந்துக்கடை ஆக்கியிருந்தேன்.

ஒன்றை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. சாப்பிட்டபின் கோப்பை கழுவும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் ஆளில்லை. ஆனால் உடம்பு குளிர்ந்து வியர்த்திருக்கும். பட்டப்பகலில் பேய் வருகிறது என்று சொன்னால் கணவர் காலம் முழுக்கக் கிண்டலடிப்பார். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என்னோடு வேலை செய்யும் அக்கா ஒருவர்தான், சீன வைத்தியம் பார்க்கிற ஒரு பெண் மருத்துவரைப் பார்க்க டெர்மின், அதாவது நாளும் நேரமும், எடுத்துத் தந்தார். "ஒருக்காப் போய்க் காட்டுங்கோ, காட்டினா என்ன குறைஞ்சா போயிடுவியள்?" என்றார்.

பழைய கட்டடத்தின் மேல்மாடி. சுவர் முழுக்க நாக்குப் படங்கள். வெளிறியது, மஞ்சள் படிந்தது, நடுவில் வெடித்தது என்று எல்லாம் என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. மருத்துவர் என் நாக்கையும் நீட்டச் சொல்லிப் பார்த்தார். வயிறு ஒரு பானை, மண்ணீரல் அதற்குக் கீழே எரிகிற அடுப்பு, குளிர்ந்த சாப்பாட்டையே உள்ளே தள்ளினால் நெருப்பு அணைந்து சாப்பாடு தேங்கிவிடும் என்று ஜெர்மன் மொழியில் விளக்கினார். இரவில் குளிர்ந்த பாணும் சீஸும் தின்கிற இந்த ஊரில் யாருக்குத்தான் அடுப்பு எரியும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் சொல்கிற சூடு, குளிர்ச்சிதானே! இந்த மருத்துவர் எங்கள் ஆள் என்று மனம் லேசானது.

பிறகு என் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக் கண்ணை மூடினார். அறையில் கடிகாரச் சத்தம் மட்டும். விரல்களின் அழுத்தம் கூடிக்கொண்டே போனது. கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பவரின் முகம்போல் அவர் முகம் மாறியது. கையை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு.

கண்ணைத் திறக்காமலே கேட்டார். "சாப்பிட்ட பிறகு காரணமில்லாமல் பயம் வருகிறதா? பக்கத்தில் யாரோ நிற்பதுபோல?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் குசினிக்குள் நடப்பது இவருக்கு எப்படித் தெரியும்? "ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்.

"உங்கள் நாடி நடக்கிறது, நிற்கிறது, பிறகு வருகிறது. இது வயிறு இல்லை. நான் மருந்து தரமாட்டேன்" என்றவர், மற்றக் கையால் போனை எடுத்து அவசர வண்டிக்கு அழைத்தார். வண்டி வரும்வரை விரல்களை எடுக்கவே இல்லை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாடி நிற்கும் போதெல்லாம் அவர் மூச்சும் நின்றது. அந்த இடைவெளியில் நான் உயிரோடு இருக்கிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

இதயத்துக்குப் போகிற இரத்தக்குழாய் ஒன்று ஏறக்குறைய அடைபட்டிருந்ததாம். அந்தக் காரணமில்லாத பயம்கூட சில இதய நோயாளிகளுக்கு வருகிற அறிகுறிதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கணவர் கட்டிலடியில் நின்று, "நான்தானே வாயு எண்டு சொன்னனான்" என்று விம்மினார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குழாயைச் சரிசெய்த பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் வந்து நிற்பதில்லை. ஆனாலும் கோப்பை கழுவும்போது சிலவேளை நானாகவே திரும்பிப் பார்க்கிறேன். அங்கே நின்றது பேயில்லை, என் இதயம்தான். அது அத்தனை நாளும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான்தான் அதற்கு வேர்க்கொம்புத் தண்ணீர் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.