மணம் தெரியாத தயிர்

தயிர்த் தொழிற்சாலையில் அவருக்கு மூக்கண்ணன் என்று பெயர். மூக்கு பெரிது என்பதால் அல்ல. அதை வைத்துத்தான் இருபத்தாறு வருஷமாகப் பிழைப்பு ஓடியது. பாலை உறைய வைக்கும் கிருமிகளைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்க்கிற சின்ன அறை அவர் பொறுப்பு. புளிப்பை அளக்க மெஷின் இருந்தது. ஆனால் வேண்டாத கிருமி ஏதாவது உள்ளே புகுந்தால் மெஷினுக்கு முன்னால் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். "இதைக் கொட்டிடுங்க" என்பார். மறுபேச்சு கிடையாது.

வீட்டில் அவர் தனி. மகளின் பிரசவத்துக்கென்று வெளிநாடு போன மனைவி மூன்று மாதத்தில் வருவதாகச் சொன்னாள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தினமும் சாயந்திரம் ஒரு டம்ளர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, முந்தின நாள் தயிரில் அரை ஸ்பூன் விட்டுக் கலக்கி, துண்டால் சுற்றி வைப்பார். ஒற்றை ஆளுக்கு எவ்வளவு வேண்டும்? பாதி மிஞ்சும்.

ஒரு சளிக்காய்ச்சல் வந்து அவரை ஒரு வாரம் படுக்கையில் தள்ளியது. எழுந்த அன்று சோப்பு மணக்கவில்லை. காபித்தூள் டப்பாவுக்குள் மூக்கையே விட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை, வெறும் சுவரை மோந்த மாதிரி இருந்தது.

"சிலருக்குத் தானா திரும்பி வரும். சிலருக்கு..." என்று டாக்டர் பேனாவை மூடினார்.

அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலைக்குப் போனார், குடுவையைத் திறந்தார், வழக்கம்போல் கண்ணை மூடி இழுத்தார், தலையாட்டினார்.

வீட்டிலும் சிக்கல்தான். புளிப்பு நாக்குக்குத் தெரிந்தது, கெட்டுப்போனது தெரியவில்லை. ஒருமுறை பழைய தயிரைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் சுருண்டு கிடந்தார். அதன்பின் கிண்ணமும் கையுமாக எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே இருந்தவள் தையல்காரி. கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"இது நல்லா இருக்கா, கொஞ்சம் மோந்து சொல்லும்மா."

அவள் கிண்ணத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு அங்கிள்."

மறுநாளும் போனார். அதற்கும் மறுநாள், அன்று காலையில் உறைந்த தயிர் என்று தெரிந்தே போனார். நாலாம் நாள் கதவு பாதிதான் திறந்தது.

"மூடி மேல தேதி எழுதி ஒட்டிடுங்களேன் அங்கிள். கை வேலையா இருக்கேன்."

நியாயமான யோசனைதான். ஆனாலும் முகம் சுட்டது. அப்புறம் அவர் அந்தக் கதவைத் தட்டவே இல்லை.

ஒருநாள் காலை, தொழிற்சாலையில் ஒரு குடுவையின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழ்களைக் கண்டார். மோந்தார். அதே வெறும் சுவர். இதைச் சரி என்று விட்டால் ஒரு தொட்டிப் பாலும் பாழ். நேராக மேலாளரிடம் போனார். மகள் வயதுப் பெண் அவள்.

"இதை நீங்க மோந்து பாருங்கம்மா."

"ஏன், உங்க மூக்குக்கு என்ன?"

"மூணு மாசமா இல்லை."

அவள் மோந்து முகத்தைச் சுளித்தாள். "புளிச்ச ரொட்டி மாவு மாதிரி இருக்கு." குடுவையைக் கொட்டச் சொன்னாள். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த வாரமே அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். எதிரே வருகிறவர்கள் "மூக்க..." என்று ஆரம்பித்து, சுதாரித்துக்கொண்டு, "என்னண்ணே" என்று முடித்தார்கள்.

அதற்குப் பிறகு மனைவி வீடியோவில் வந்தபோது சொல்லிவிட்டார்.

"அப்ப கேஸ் கசிஞ்சாக்கூடத் தெரியாதா?"

"தெரியாது."

"இத்தனை நாள் சொல்லாம இருந்தீங்களே!"

"சொன்னா நீ அங்க பயந்துக்கிட்டே இருப்ப."

"பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல போட்டதும் வந்துடறேன்." போன மாதமும் அதைத்தான் சொன்னாள். "போனோட அடுப்படிக்குப் போங்க. நான் பாக்கணும்."

போய்க் காட்டினார்.

"சிலிண்டர் வால்வைக் கிட்டக்கக் காட்டுங்க. மூடியிருக்கா?"

"மூடியிருக்கு."

அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, திரை இருண்டது.

மூக்கு இன்னும் திரும்பவில்லை. ஆனால் அதுமுதல் தினமும் சாயந்திரம் அவள் கூப்பிட்டு அடுப்பைப் பார்க்கிறாள். இரண்டு நிமிஷம்தான். அதற்காக அவர் கிடங்கிலிருந்து வேகமாக நடந்து வீட்டுக்கு வருகிறார்.