பின் சீட்டின் இடது பக்கம்

நம்பாதவர்கள் மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கும் என் வீட்டுக்கு வாருங்கள். கார் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. பின் சீட்டின் இடது பக்கத்தில் பத்து நிமிடம் தனியாக இருந்து பாருங்கள். அதன் பிறகு என்னைப் பொய்யன் என்று சொல்லுங்கள்.

1996, ஜூலை. யப்பானில் ஓடித் தேய்ந்து ஆக்லாந்துக்கு வந்த கார் அது. சிக்னலில் நிறுத்தினால் எஞ்சின் நடுங்கும். ஹெட்லைட்டையும் போட்டால் ஓய்ந்தே விடும். நானே திருத்துவேன் என்ற திமிரில் பிளக் மாற்றினேன், பாட்டரி மாற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை. நண்பன் சற்குணம் மவுண்ட் வெல்லிங்டனில், பழைய கார்களைக் கழற்றி விற்கும் யார்டில் வேலை செய்தான். அவனிடம் நசுங்கிக் கிடந்த ஒரு காரின் ஆல்டர்னேட்டரை, பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அந்தச் சாமானை, வாங்கிப் பூட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டது அன்றைக்குத்தான்.

பாட்டரி வீணாக இறங்கக் கூடாது என்று காரின் உள்லைட் பல்பையும் கழற்றி ஆஷ்ட்ரேயில் போட்டேன். அந்தப் பல்பை நினைவில் வையுங்கள்.

அன்று சனிக்கிழமை. மனைவி இராசமலர் மங்கரேயில், ஏர்போர்ட் வேலையில் இருந்தாள். இங்கே ஜூலை குளிர்காலம், மாலை ஆறு மணிக்கே இருட்டிவிட்டது. மழை. எங்கள் ஆறு வயது மகள் பிரணவிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்தது. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க எனக்கு மனம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி பதினைந்து நிமிட ஓட்டம்தானே என்று பிள்ளையைப் பின் சீட்டில் படுக்க வைத்துக் காரை எடுத்தேன்.

6.20. டொமினியன் ரோடு. முதல் சிக்னலிலேயே எஞ்சின் இருமியது. ரேடியோவை நிறுத்தினேன். ஹீட்டரை நிறுத்தினேன். மழையிலும் வைப்பரை நிறுத்தினேன். அப்போது டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. கதவு திறந்திருக்கிறதாம். திரும்பிப் பார்த்தேன். நான்கும் மூடித்தான் இருந்தன.

6.26. பல்மொரல் சிக்னல். சிவப்பு. டுப்... டுப்... எஞ்சின் நின்றுவிட்டது.

சாவியைத் திருகினேன். டிக். மறுபடியும் டிக்.

பின்னால் பிள்ளையின் மூச்சு விசில் அடித்தது.

"கண்ணை மூடாதை அம்மா. மூடாதை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முருகனைக் கூப்பிட்டேன். காரைத் தூஷணத்தில் திட்டினேன். இரண்டும் வேலை செய்யவில்லை.

டக்... டக்...

பின் இடது கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். பார்த்தேன். மழை மட்டும்தான்.

பிரணவி வழக்கம்போல ஆங்கிலத்தில் முனகினாள். வெளியே ஒரு ஆன்ட்டி நிற்கிறாராம். நனைகிறாராம்.

"கேன் ஷீ கெட் இன், அப்பா?"

டிக்.

டிக்...

பிள்ளையின் விசில் சத்தம் நின்றுவிட்டது.

"ஓம்... ஏறச் சொல்லு."

கதவு திறக்கவில்லை.

சீட் அமுங்கியது.

ஈரத் துணி வாடை...

உள்லைட் எரிந்தது.

சாவியைத் தொட்டேன். எஞ்சின் எடுத்துக்கொண்டது. பின்னால் பிள்ளையும் மூச்சை இழுத்தாள். அத்தனை சீராக அந்தக் கார் ஒருநாளும் ஓடியதில்லை. பின்பக்கம் காட்டும் கண்ணாடியை நான் பார்க்கவே இல்லை.

பிரணவி பிழைத்தாள். திரும்பி வந்து ஆஷ்ட்ரேயைத் திறந்தேன். பல்பு அதற்குள்ளேயே கிடந்தது.

அந்த ஆல்டர்னேட்டர் யாருடைய காரில் இருந்தது என்று சற்குணத்திடம் கேட்டேன். விசாரித்துவிட்டு ஃபோன் எடுத்தான்.

"அண்ணை, அந்தக் காரும் பல்மொரல் சிக்னலிலைதான் நிண்டதாம். பின்னாலை வந்த லொறிக்காரன் காணேல்லை. பின் சீட்டிலை இடப்பக்கம் இருந்த பொம்பிளை அதிலையே முடிஞ்சாவாம்."

அந்த ஆல்டர்னேட்டரை உடனே கழற்றி எறியச் சொன்னாள் இராசமலர். பானட்டைத் திறந்து ஸ்பானரை நட்டில் வைத்தேன். வீட்டுக்குள் பிரணவியின் மூச்சு விசில் அடித்தது. ஸ்பானரை நட்டிலிருந்து எடுத்தேன். விசில் நின்றது.

அது இன்றும் அப்படியே இருக்கிறது. பிரணவி காரில் ஏறினால் வலது ஓரமாக ஒதுங்கித்தான் இருப்பாள். ஏறச் சொன்னது நான். இறங்கச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.