கம்ப்யூட்டருக்கு இரண்டு பித்தளை நிப்பிள்

காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், பிராசஸரைக் குளிரவைக்கும் வாட்டர் பிளாக்கில் ஹோஸ் மாட்டுகிற நிப்பிள் கசிகிறது. சாயங்காலத்துக்குள் ஒரு கல்யாண வீடியோவைக் கொடுத்தாக வேண்டும். ஆன்லைனில் போட்டால் நாலு நாள்.

பிளாக்கை ஹோஸோடு கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பந்தல்குடி ரோட்டில் மருந்தடிக்கும் ஸ்பிரேயருக்குச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன்.

"எந்த ஸ்பிரேயருக்கு தம்பி?" என்றார் கடைக்கார அக்கா.

"கம்ப்யூட்டருக்குக்கா."

அவர் சிரிக்கவில்லை. பிளாக்கை வாங்கி, நிப்பிள் திருகுகிற துளையின் மரையைப் பார்த்தார். "கால் இஞ்சு" என்று இரண்டு பித்தளை நிப்பிளையும் ரப்பர் வாசரையும் எடுத்து வைத்தார்.

நான் பழக்கதோஷத்தில், மேஜையில் கிடந்த டெஃப்லான் டேப்பை நிப்பிளில் சுற்றி, ஸ்பேனரைத் தூக்கினேன்.

"ஏன் தம்பி, இதென்ன போர் மோட்டாரா? வாசர் இருக்குல்ல, கையால திருகுனா போதும். இந்தப் பிளாஸ்டிக்கு விரிசல் விட்டுச்சுன்னா எங்க போயி வாங்குவீக?"

டேப்பைப் பிரித்துவிட்டு, கையாலேயே திருகினேன். அக்கா விடவில்லை. இரண்டு ஹோஸையும் மாட்டி, ஒன்றை அடைத்துக்கொண்டு, பிளாக்கை வாளித் தண்ணீரில் முக்கி, இன்னொன்றில் என்னை ஊதச் சொன்னார். பஞ்சர் பார்ப்பது போலத்தான். ஒரு குமிழிகூட வரவில்லை.

கிளம்பும்போது, "போர் தண்ணிய ஊத்திராதீக, உப்பு அடைச்சுக்கிரும். பேட்டரி தண்ணி வாங்கி ஊத்துங்க, அதுல உப்பே இருக்காது" என்றார்.

அப்படியே செய்தேன். வீடியோ முடிந்து, இப்போதுதான் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அக்கா நல்லா இருக்கணும்.

ஒன்றுதான் உறுத்துகிறது. கம்ப்யூட்டர் பேட்டரித் தண்ணீர் குடிக்கிறது. அதன் முதலாளி பக்கத்தில் உட்கார்ந்து உப்புத் தண்ணீரில் போட்ட டீயைக் குடிக்கிறான். உங்கள் வீட்டில் எப்படி?